மருந்தா, பயிற்சியா: எது முதலில்?

கையில் கண்ணாடி கிழித்து நரம்பு அறுந்தால், தைத்துவிட்ட பிறகு அது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல வளரும். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே நரம்பிழைகளுக்கு வளரும் தெம்பே குறைவு. போதாததற்கு நோகோ-ஏ என்ற புரதம் வளர்ச்சியைத் தடுக்கிறது. காயத்தில் கட்டும் தழும்பிலோ, சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த புரதங்கள் முள்வேலி போட்டுவிடுகின்றன.

வேலியை அறுக்க ஒரு நொதி இருக்கிறது: கான்ட்ராய்டினேஸ் ஏபிசி. ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைப்பது. 2002-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் அடிபட்ட எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது நரம்பிழைகள் வளர்ந்தன, நடையும் ஓரளவு தேறியது. ஆனால் இந்த நொதி வேலியோடு நிற்பதில்லை. நரம்பணுக்களைச் சுற்றிப் படிந்த வலையையும் கரைக்கிறது. வயதோடு இறுகிய இணைப்புகள் கொஞ்ச நாளைக்கு ஈர மண் மாதிரி இளகிவிடுகின்றன. அந்த நாட்களில் எதைப் பழக்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் ஃபாசெட் குழு 2009-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் வெட்டுப்பட்ட எலிகளில் சிலவற்றுக்கு நொதியோடு, முன்பாதத்தால் தீனியைப் பிடித்து எடுக்கும் பயிற்சியும் தந்தார்கள். அந்த வேலையில் அவை நன்றாகத் தேறின. வேறு சில எலிகளுக்கு அதே நொதி. பயிற்சி மட்டும் பொதுவாக ஏறி இறங்கி ஓடியாடுவது. அவை ஏணிக்கம்பிகளில் பிசகாமல் நடந்தன, ஆனால் தீனி எடுப்பதில் ரொம்பவே பின்தங்கிவிட்டன. பழகிய வேலை, பழகாத வேலையின் இடத்தையும் பிடித்துக்கொண்டது!

சரி, பயிற்சியை எப்போது தொடங்குவது? சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் குழு 2014-ல் இதைச் சோதித்தது. அவை பக்கவாதம் வந்த எலிகள், தண்டுவடக் காயம் பட்டவை அல்ல. நோகோ-ஏயை முடக்கும் மருந்தை முதலில் கொடுத்து, அப்புறம் பயிற்சி தந்தபோது முன்காலின் திறமை ஏறக்குறைய முழுசாகத் திரும்பியது. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தபோது நரம்பிழைகள் கண்டபடி கிளைத்துப் பலன் குறைந்தது. முளைத்து வரட்டும், பிறகு களை எடுக்கலாம் என்ற கணக்குதான். எலிக்குச் சரியான இடைவெளி மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் 'எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் வேகமாகக் குணமாகும்' என்ற நம்பிக்கை எனக்கு இதைப் படித்ததும் போய்விட்டது.

பயிற்சியிலும் ரகம் உண்டு. கிரெகுவார் கூர்தீன் குழு 2012-ல், தண்டுவடக் காயத்தால் பின்னங்கால்கள் முடங்கிய எலிகளின் தண்டுவடத்துக்கு மின்தூண்டலும் மருந்தும் கொடுத்தது. டிரெட்மில்லில் மட்டும் பழகிய எலிகளின் கால்கள் பெல்ட்டின்மேல் நன்றாகவே ஓடின. தரையில் விட்டால் தானாக அடியெடுத்து வைக்கவில்லை. ரோபோ கச்சையில் தொங்கியபடி, எதிரே வைத்த சாக்லேட்டை நோக்கித் தானே போகப் பழகிய எலிகள்தான் நடந்தன.