வரைபடத்தில் 10 கி.மீ. வட்டம் போடுவது எப்படி?

ஒரு வாசகரின் கேள்வி இது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கியில் ஓர் ஆம்புலன்ஸ் நிலையத்தை மையமாக வைத்து 10 கி.மீ. வட்டம் போட்டிருக்கிறார். வேறொரு மென்பொருளில் அதே வட்டம் இரண்டு மடங்கு அகலமாக வருகிறதாம். எது சரி?

பெரியதுதான் சரி. சின்ன வட்டம் தரையில் வெறும் 5 கி.மீ.

பூமி உருண்டை, திரை தட்டை, எங்கேயாவது இழுக்காமல் ஒன்றை மற்றொன்றில் பரப்ப முடியாது என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். இணைய வரைபடங்களில் பெரும்பாலானவை 1569ல் கெரார்டஸ் மெர்கேட்டர் கடலோடிகளுக்காக உருவாக்கிய முறையின் வாரிசுகள். அவர் எப்படி இழுத்தார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அவ்வளவு அழகான வேலை அது.

தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருபவை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை இடைவெளி சுமார் 111 கி.மீ., ஹெல்சின்கி இருக்கும் 60 பாகை அட்சரேகையையொட்டி அதுவே 56 கி.மீ.தான். ஆனால் மெர்கேட்டர் படத்தில் இந்தக் கோடுகள் எல்லாம் இணையாக நிற்கின்றன, அதாவது அந்த 56ஐ இழுத்து 111க்குச் சமமாக்கியாக வேண்டும். கிழக்கு மேற்காக மட்டும் இழுத்தால் எல்லாம் நசுங்கித் தெரியும். அதனால் வடக்கு தெற்காகவும் அதே அளவு இழுத்துவிட்டார். விளைவு, சின்ன வட்டம் வட்டமாகவே இருக்கும், கோணமும் மாறாது, அளவு மட்டும் ஊருக்கு ஊர் மாறிவிடும். எவ்வளவு இழுப்பு? ஒன்றை அந்த அட்சரேகையின் கொசைனால் வகுத்தால் போதும். 60 பாகைக்குக் கொசைன் 0.5, ஆக இரண்டு மடங்கு. படத்தின் மீட்டரைத் தரையின் மீட்டர் என்று நம்பி 10,000 என்று போட்டால் தரையில் பாதி தூரமும் கால்வாசிப் பரப்பும்தான் கிடைக்கும். வட்டம் மட்டும் கச்சிதமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

சரி, சரியாக எப்படிப் போடுவது? மையத்திலிருந்து நேர் வடக்கே 10 கி.மீ. போனால் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகை என்று உருண்டையின் மேலேயே கணக்கிட வேண்டும். அப்புறம் மையத்திலேயே ஒரு பாகை திரும்பி மறுபடி 10 கி.மீ., இப்படி 360 திசையிலும் புள்ளி வைத்து இணைத்துவிடலாம். பூமியின் ஆரத்தை 6371 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், துருவம் சப்பியிருப்பதால் வரும் பிழை 10 கி.மீ.க்குச் சில பத்து மீட்டர்தான். அதுவும் கூடாது என்றால் சப்பையான பூமிக்கென்றே நில அளவை அறிஞர் வின்சென்டி 1975ல் வெளியிட்ட சூத்திரங்கள் இருக்கின்றன.

இப்படிப் போட்ட வட்டம் பெரிதாகப் பெரிதாக வேடிக்கை கூடும். 60 பாகை வடக்கில் 1000 கி.மீ. வட்டம் போட்டு மெர்கேட்டர் படத்தில் பாருங்கள், மையம் நடுவில் இருக்காது. மையத்திலிருந்து வடக்கு விளிம்பு, தெற்கு விளிம்பைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தள்ளித் தெரியும். துருவத்தையே உள்ளே விழுங்கும் அளவுக்கு ஆரம் நீண்டால் வட்டம் மூடவே மூடாது, படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடும் அலைக்கோடாகிவிடும். 2003ல் தி எகனாமிஸ்ட் இதழ் வட கொரிய ஏவுகணைகளின் வீச்சைத் தட்டைப் படத்தில் வட்ட வட்டமாகப் போட்டுவிட்டு, பிறகு திருத்தம் வெளியிட்டது. திருத்திய படத்தில் இந்த அலைகள்தான் இருந்தன.

இன்னொரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. மென்பொருள் வட்டம் என்று தருவது உண்மையில் பலகோணம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பஃபர், அதாவது ஒரு புள்ளியைச் சுற்றிக் குறிப்பிட்ட தூர எல்லை, போடும்போது கால் வட்டத்துக்கு 5 துண்டு என்பதுதான் இயல்பு அமைப்பு, அதாவது 20 பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் 10 கி.மீ.யில் சுமார் 120 மீட்டர் குறையும், பரப்பில் 1.6 சதவீதம் போய்விடும். அந்த எண்ணை 5லிருந்து 30 ஆக்கினால் தீர்ந்தது.

இவ்வளவு பாடுபட்டுப் போட்டாலும் அது பறவை போகும் தூரம்தான். பாலமில்லாத ஆறு நடுவில் வந்தால் எதிர்க்கரை 2 கி.மீ. வட்டத்துக்குள் இருக்கும், ஆம்புலன்ஸ் 20 கி.மீ. சுற்றும். வானொலிக் கோபுரத்துக்கும் ட்ரோனுக்கும் வட்டம் பொருந்தும். சாலையில் போகும் சேவைக்குச் சம நேரக் கோடு, அதாவது ஒரே நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடங்களை இணைக்கும் கோடு, வேண்டும். லண்டனிலிருந்து எந்த நாட்டுக்கு எத்தனை நாள் பயணம் என்று பிரான்சிஸ் கால்டன் 1881லேயே நிறம் தீட்டிப் படம் போட்டிருக்கிறார். இன்று அதைக் கணினி நொடியில் செய்யும், சாலைத் தரவு சரியாக இருந்தால். எந்தப் பாலம் உடைந்து கிடக்கிறது, எந்தத் தெருவில் வண்டி நுழையாது என்று தரையில் போய்ப் பார்த்து எழுதும் வேலைக்குப் பணம் ஒதுக்க மட்டும் யாருக்கும் மனசு வருவதில்லை. செயற்கைக்கோள் படத்துக்குக் கொட்டுவதில் ஒரு சிறு பங்கையாவது இதற்குத் தர வேண்டும் என்பது என் கருத்து.