எக்ஸ்ரேயில் தெரியாத சேதம்

எலும்பு முறிவு வார்டில் ரவுண்ட்ஸ் போனால் எல்லாரும் முதலில் என் முன்னால் நீட்டுவது எக்ஸ்ரே படத்தைத்தான். இப்போது அதுவும் செல்போனில். "எத்தனை துண்டா உடைஞ்சிருக்கு சார்?" என்பார்கள். படத்தில் எலும்பு தெரியும். அதன் மேல் இருக்கும் தோல், தசை, ரத்தக் குழாய், எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு எதுவும் தெரியாது. இத்தனை வருடப் பழக்கத்தில் என் தூக்கத்தைக் கெடுத்ததெல்லாம் படத்தில் தெரியாத இந்தச் சமாச்சாரங்கள்தான்.

உங்கள் முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். விரலில் நேராக எலும்பு தட்டும். நடுவில் தோல் மட்டும்தான். பைக்கில் போகிறவர் காலில் கார் இடித்தால், உடைந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்த மாதிரித் திறந்த முறிவுகளை 1976-இல் அமெரிக்காவில் பணியாற்றிய கஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள். இன்றும் கேஸ் ஷீட்டில் அதைத்தான் எழுதுகிறோம். ஆனால் காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்துவிட வேண்டுமா என்ற இக்கட்டில் அது பெரிதாகக் கைகொடுக்காது. அதற்கு ஒரு வழி கோயம்புத்தூரிலிருந்து வந்தது. கங்கா மருத்துவமனையின் டாக்டர் ராஜசேகரனும் அவர் குழுவும் 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறையில் தோலுக்கு, எலும்புக்கு, தசை நரம்புகளுக்கு என்று தலா 5 வரை தனித்தனிக் கணக்கு உண்டு; சேதம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். சர்க்கரை நோய், முதிய வயது, காயத்தில் சாணியும் சேறும் கலந்திருப்பது போன்ற ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 2. வயலும் மாட்டுத்தொழுவமும் உள்ள ஊரில் வேலை பார்ப்பவனுக்கு அந்தச் சாணிக் கணக்கின் அருமை தெரியும்.

எலும்பு ஒட்டுவதற்கு ரத்த ஓட்டம் வேண்டும். அந்த ரத்தத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள சதையிலிருந்தும் சவ்விலிருந்தும் வருகிறது. இதன் முழு அர்த்தம் எங்கள் துறைக்கே மெதுவாகத்தான் புரிந்தது. ஒரு காலத்தில் தொடை எலும்பு உடைந்தால், காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு மூன்று மாதம் படுக்க வைப்பார்கள். 1958-இல் சுவிட்சர்லாந்தில் முல்லரும் அவர் சகாக்களும் தொடங்கிய ஏஓ என்ற எலும்பு முறிவு சிகிச்சை ஆய்வுக் குழு, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு எலும்பை அசையாமல் இறுக்கி, மூட்டைச் சீக்கிரமே அசைக்க வைத்தது. பெரிய மாற்றம்தான். ஆனால் ஒவ்வொரு துண்டையும் கச்சிதமாகப் பொருத்த நீளமாகக் கிழித்து, சவ்வை உரித்துப் போட்டதில் சிலருக்கு எலும்பு ஒட்டவே இல்லை, சிலருக்குச் சீழ் பிடித்தது.

இப்போது தொடை எலும்பின் நடுவில் முறிந்தால், முறிந்த இடத்தைப் பெரும்பாலும் திறப்பதே இல்லை. இடுப்புப் பக்கமோ முட்டிப் பக்கமோ சின்னதாக வெட்டி, சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடி எலும்பின் உள்ளே ராடு செலுத்தி, இரண்டு முனையிலும் ஸ்க்ரூ போடுகிறோம். நடுவில் சிதறிய துண்டுகள் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவோம். மறுநாள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இன்னும் இடைவெளி இருக்கே சார், சரியா சேர்க்கலையா?" என்று கேட்காத உறவினர் குறைவு. அந்த இடைவெளியில்தான் சில வாரத்தில் மேகம் மாதிரி புது எலும்பு படரும். (இத்தனூண்டு தையலுக்கு இவ்வளவு பில்லா என்றும் கேட்பார்கள். அது வேறு கதை.)

கணுக்கால், முட்டிக்குக் கீழே உள்ள மூட்டு முறிவுகளில் சண்டை வேறு மாதிரி. கால் பூசணிக்காயாக வீங்கியிருக்கும். அப்போது பிளேட் வைத்துத் தைத்தால் தையல் பிரிந்து பிளேட் வெளியே தெரியும். அதனால் வெளியில் கம்பிச் சட்டம் மாட்டி, காலை உயர்த்தி வைத்துக் காத்திருப்போம். வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் விழ ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். "அட்மிட் ஆகிப் பத்து நாளாச்சு, இன்னும் ஆபரேஷன் பண்ணலை" என்ற கோபம் நியாயம்தான். ஆனாலும் காத்திருங்கள். வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிவது மட்டும் நேர்மாறு. அங்கே உடல்நிலை ஒத்துழைத்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை முடித்து, முடிந்தால் மறுநாளே வாக்கரோடு எழுப்பி நிறுத்திவிட வேண்டும்.

விபத்து நடந்த இடத்தில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அதில் தவறுகள் அதிகம். காயத்தில் காபித்தூளோ மஞ்சளோ அப்ப வேண்டாம், சுத்தமான துணியால் மூடினால் போதும். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். குடையோ மடித்த செய்தித்தாளோ வைத்து, உடைந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளைச் சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். டீ, சோடா வேண்டாம், மயக்க மருந்து கொடுக்கத் தாமதமாகும். திறந்த காயத்துக்கு ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போவது நல்லது, ஆகவே 108-ஐ அழைப்பதுதான் முதல் வேலை. பணத்துக்காகத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021-இல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

அப்புறம் கட்டு. மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ, இறுகினால் இரண்டும் ஒன்றுதான். உள்ளே வீக்கம் ஏற ஏறத் தசைக்கு ரத்தம் நின்றுபோகும். ஆறு மணி நேரம் அப்படியே இருந்தால் தசை சாகத் தொடங்கும். மாத்திரைக்கு அடங்காத வலி, விரலை மெல்ல நீட்டிவிட்டால் அலறல், மரத்துப்போதல் இருந்தால் இரவு இரண்டு மணி ஆனாலும் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

சைக்கிளிலிருந்து விழுந்து முன்கை முறிந்த ஒன்பது வயதுப் பையனை மூன்றாம் நாள் கொண்டுவந்தார்கள். முதல் நாள் ராத்திரி முழுக்க அழுதானாம். "கட்டை அவிழ்த்தா எலும்பு விலகிடும், வலி இருக்கத்தான் செய்யும்"னு சொல்லியிருக்கிறார்கள் கட்டுப் போட்ட இடத்தில். நான் பிரித்தபோது விரல்கள் கறுத்திருந்தன. தோலையும் தசை உறையையும் திறந்துவிட்டோம், செத்த தசையை எடுத்தோம், தொடைத் தோலை எடுத்து ஒட்டினோம். எலும்பு ஆறு வாரத்தில் அழகாக ஒட்டிவிட்டது, எக்ஸ்ரேயில் குறையே சொல்ல முடியாது. விரல்கள் மட்டும் மடங்கினபடியே நின்றுவிட்டன. போன மாதம் செக்கப்புக்கு வந்தான். இடது கையால் எழுதப் பழகிவிட்டதாக நோட்டைத் திறந்து காட்டினான்.