சமாதானக் கூட்டத்தில் வழக்கைப் பேசாதீர்கள்

ஊரில் சாதிக் கலவரம் நடந்து மூன்று நாள்கூட ஆகியிருக்காது. தாலுகா அலுவலகத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ‘சுமுகத் தீர்வு’ என்று செய்தியும் வந்துவிடும். தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் இணக்கப் பணிக்கு இறங்கும் அமைப்புகளுக்கு முதல் தலைவலி அந்தத் தாள்தான். ஊரில் இனி எப்படி நடந்துகொள்வது என்பதும், போட்ட வழக்கை வாபஸ் வாங்குவதும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவான வழக்கை ஊர்ப்பேச்சில் முடித்துவைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. 60 நாளுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி ஜாமீன் மனுவிலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். இதையெல்லாம் இரு தரப்பையும் சேர்த்து அமைக்கும் சமாதானக் குழுவில் இருப்பவர்கள் முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

வழக்கு உடைவது பெரும்பாலும் கூட்டத்துக்கு வெளியே. அடிபட்டவர் மீதே ஓர் எதிர் வழக்கு போட்டு, ‘அதை நீ எடு, இதை நாங்கள் எடுக்கிறோம்’ என்பது ஒரு வழி. அதைவிடச் சத்தமில்லாத வழி சாட்சியின் வயிற்றில் கைவைப்பது. வேலை எதிர்த்தரப்பின் வயலில், கைமாற்று வாங்கியதும் அவர்களிடமே என்றால், அந்தச் சாட்சி கூண்டில் ஏறும்போது சொன்னதை மாற்றிப் பிறழத்தான் செய்வார். அவரைக் கோழை என்று ஏசிப் பயனில்லை. யாருடைய கடன் யாரிடம் இருக்கிறது, அறுப்பு வேலைக்கு யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்று இரு தெருவிலும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மகளிர் குழுக் கடன், வெளியூர் வேலை, ஊரக வேலைத் திட்ட அட்டை என்று மாற்று வழியைப் பார்த்துவைப்பதும் சமாதானப் பணிதான்.

பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத் தொகையும் புகைச்சலைக் கிளப்பும். ‘காசுக்காகக் கேஸ் போட்டார்கள்’ என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கும். அது விதிப்படி கிடைக்கும் உரிமை என்பதை மற்ற தெருவில் எடுத்துச்சொல்ல, அந்தத் தெருக்காரர் ஒருவர் வேண்டும். வெளியாள் சொன்னால் எடுபடாது.

கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்காதீர்கள். காவல் நிலையமும் வேண்டாம். விடுமுறை நாளில் பள்ளிக்கூடம் தோது. எல்லோருக்கும் நாற்காலி, இல்லையென்றால் எல்லோருக்கும் பாய். ஒருவர் திண்ணையிலும் ஒருவர் தரையிலுமாக உட்கார்ந்தால் பேச்சு தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. டீ எதில் வருகிறது என்று பாருங்கள். பேப்பர் கப் வந்ததும் இரட்டைக் குவளை ஒழிந்தது என்பார்கள். சிலருக்கு மட்டும் எவர்சில்வர் தம்ளர் வந்தால் ஒழியவில்லை என்று அர்த்தம். பத்துப் பன்னிரண்டு பேர் போதும், பாதிப்பேர் பெண்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களும் சாதிச் சங்கப் பேச்சாளர்களும் குழுவில் வேண்டாம். இளவட்டங்கள் கட்டாயம் வேண்டும். பெரியவர்கள் மட்டும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அடுத்த ஃபிளெக்ஸ் பேனரில் கிழிந்துபோகும்.

முதலில் சிறியதைப் பேசுங்கள். மடைத் தண்ணீர் முறை, கண்மாய் மீன் ஏலம், பிணம் போகும் பாதை. ‘இனி ஒற்றுமையாக வாழ்வோம்’ என்ற வரியை எழுதவே வேண்டாம். யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, வரிவரியாக உரக்கப் படித்து, இரு தெருவுக்கும் நகல் கொடுங்கள்.

கோயில் மரியாதைதான் கடைசிக் கட்டம், ஆனால் தள்ளிப்போட முடியாத கட்டம். 1979-ல் உஞ்சனையில் கோயில் விழாவையொட்டிய மோதலில் பட்டியல் சாதியினர் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவிக் கோயில் தேரின் வடத்தை எல்லாச் சாதியினரும் பிடிக்கலாமா என்ற சிக்கல் 1998-ல் வெடித்தது. உஞ்சனை, தென்னிலை, இறகுசேரி, செம்பொன்மாரி என்று நான்கு நாடுகளின், அதாவது ஊர்த் தொகுதிகளின், தலைக்கட்டுகளான நாட்டார் உரிமை அதில் பின்னிக்கிடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்ட பிறகே 2024 பிப்ரவரியில் வெள்ளோட்டம், ஜூன் 21-ல் பலத்த போலீஸ் காவலோடு தேரோட்டம். வடம் யார் கையிலும் இருக்கலாம் என்பதை நீதிமன்றம் சொல்லிவிடும். பக்கத்தில் நிற்பவர் முழங்கையால் இடிக்காமல் இருக்க ஊரில்தான் வேலை செய்ய வேண்டும்.

ஆனித் தேருக்கு வைகாசியில் பேச ஆரம்பித்தால் நேரம் போதாது, மாசியிலேயே உட்காருங்கள். எந்த வடத்தில் யார், பரிவட்டம் யாருக்கு, தொண்டர்கள் யார் என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். தேர் நிலைக்கு வந்தபிறகும் பத்து நாளாவது குழு கலையக் கூடாது. கேலி வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அப்போதுதான். அதைப் பார்த்ததும் யார் யாருக்குப் போன் செய்வது என்று தெருவுக்கு இருவர் பெயரை முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள்.