அழித்த சாவி அடுக்கில் கிடக்கும்

"டாக்கர்ஃபைலில் சாவிக் கோப்பை காப்பி செய்தேன். வேலை முடிந்ததும் அடுத்த வரியிலேயே அழித்தும்விட்டேன். பிறகும் இமேஜில் ரகசியம் இருக்கிறது என்று ஸ்கேனர் ஏன் கத்துகிறது?" ஒரு வாசகரின் கேள்வி இது. டாக்கர் என்பது ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டும் கருவி. அந்தப் பொட்டலம்தான் இமேஜ். அதைக் கட்டும் (பில்ட் செய்யும்) கட்டளைகளின் பட்டியல் டாக்கர்ஃபைல். சாவி என்பது ஒரு கணக்கையோ சேவையையோ திறக்கும் ரகசியக் குறியீடு. வாசகர் கூடவே இன்னொரு குறையும் சொல்லியிருந்தார். டாக்கர்ஃபைலில் கட்டளையை ஓட்டச் சொல்லும் ரன் வரியில் எக்ஸ்போர்ட் செய்த மாறி அடுத்த ரன் வரிக்குள் காணாமல் போய்விடுகிறதாம். போக வேண்டியது போக மாட்டேன் என்கிறது, இருக்க வேண்டியது ஓடிவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

என்விரான்மென்ட் வேரியபிள் எனப்படும் சூழல் மாறி 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், இன்னொன்றைத் தொடங்கும்போது 'பெயர்=மதிப்பு' வரிகளின் நகலைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. பிள்ளைப் புராசஸ் அந்த நகலில் என்ன கிறுக்கினாலும் தாய்ப் புராசஸுக்குத் தெரியாது. பிள்ளை முடிந்தால் நகலும் முடிந்தது.

சரி, டாக்கருக்கு வருவோம். ஒவ்வொரு ரன் வரிக்கும் ஒரு தற்காலிகக் கன்டெய்னர் (தனித்து ஓடும் ஓர் அறை போல), அதில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஒரு புது ஷெல். கட்டளை ஓடி முடிந்ததும் கோப்புகளில் என்ன மாறியது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை மட்டும் ஓர் அடுக்காகக் கட்டி வைக்கிறது. ஷெல்லோடு எக்ஸ்போர்ட்டும் போய்விடுகிறது. 'என்வ்' வரி வேறு கதை. அது இமேஜின் அமைப்புக் குறிப்பிலேயே எழுதப்பட்டு, பிறகு தொடங்கும் எல்லாப் புராசஸுக்கும் போய்ச் சேரும். இன்ஸ்பெக்ட் கட்டளை தெரிந்த யாரும் படிக்கலாம். 'ஆர்க்' வரியில் வரும் மதிப்பு பில்ட் நேரத்துக்கு மட்டும்தானே என்று அதில் கடவுச்சொல் கொடுப்பவர்கள், இமேஜ் எப்படிக் கட்டப்பட்டது என்று காட்டும் ஹிஸ்டரி கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அழிப்புதான். ஒவ்வொரு அடுக்குக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஷா-256 மதிப்புதான் அடையாளம். ஒரு பைட் மாறினாலும் அது வேறு அடுக்கு. ஆகவே கட்டி முடித்ததைத் தொட முடியாது. அப்புறம் எப்படி அழிப்பது? அழிப்பதே இல்லை! அடுத்த அடுக்கில் அதே பெயருக்கு முன்னால் ஒரு சிறு குறி சேர்த்து, உள்ளே எதுவும் இல்லாத ஒரு கோப்பை வைக்கிறது. இதற்கு ஒயிட்அவுட் என்று பெயர். அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் கோப்பமைப்பு மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். அந்தக் குறி கண்ணில் பட்டதும் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று சொல்லிவிடும். சுவரில் பழைய போஸ்டர் மேல் வெள்ளைத்தாள் ஒட்டுவது போலத்தான். சேவ் கட்டளையால் இமேஜை டார் எனும் ஒரு பொதிக் கோப்பாக எடுத்து அடுக்கு அடுக்காக உரித்தால், கீழே சாவி பத்திரமாக இருக்கும். முன்பு கட்டி வைத்த அடுக்குகளை (கேச்) பயன்படுத்தாமல் மறுபடி பில்ட் செய்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது திருஷ்டி கழிப்பதற்குச் சமம். அதே டாக்கர்ஃபைல் அதே போஸ்டரைத்தான் மறுபடி ஒட்டும்.

2021-இல், நிரல்களின் சோதனை எவ்வளவு பகுதியைத் தொடுகிறது என்று அளந்து சொல்லும் கோட்கவ் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுவே. அவர்கள் பொதுவில் வைத்திருந்த ஒரு டாக்கர் இமேஜின் இடை அடுக்கிலிருந்து கூகுள் கிளவுட் சேமிப்பகத்தின் சாவி ஒன்றை யாரோ உரித்தெடுத்தார்கள். வாடிக்கையாளர்கள் தங்கள் தானியங்கி பில்டுகளில் ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்றை அந்தச் சாவியால் திருத்தினார்கள். சேர்த்தது ஒரே வரி: சூழல் மாறிகள் அத்தனையையும் வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பும் வரி. சூழல் மாறிதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் நகலாகப் போகுமே! ஜனவரி 31 முதல் ஏப்ரல் 1 வரை இது நடந்தது. அதைப் பிடித்தது பெரிய பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லை. இறக்கிய ஸ்கிரிப்டின் ஷா மதிப்பை, வெளியிடப்பட்ட மதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த ஒரு வாடிக்கையாளர்தான். பாதுகாப்புக்கு என்று கோடிகளைக் கொட்டும் நிறுவனங்கள் இந்த இரண்டு நிமிட வேலைக்கு ஆள் வைப்பதில்லை என்பது என் பழைய புலம்பல்.

வாசகருக்கு வழி இருக்கிறது. டாக்கரின் பில்ட் இயந்திரமான பில்ட்கிட்டில் ரன் வரிக்குச் சீக்ரெட் மவுண்ட் கொடுக்கலாம். அந்த ஒரு கட்டளை ஓடும்வரை சாவி ஒரு கோப்பாகத் தெரியும், அடுக்கில் ஏறாது. ஆனால் இமேஜ்களைச் சேமித்துப் பகிரும் கிடங்கான ரெஜிஸ்ட்ரிக்கு இமேஜை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், முதலில் அந்தச் சாவியை ரத்து செய்யுங்கள். டாக்கர்ஃபைலைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.