பெரியாஸ்பத்திரி: எந்த வாசல், எந்தத் துண்டு

அரச வைத்தியசாலையில் வைத்தியரைப் பார்க்கவும், வார்ட்டில் தங்கவும், சத்திரசிகிச்சைக்கும், கையிருப்பில் உள்ள மருந்துக்கும் கட்டணம் இல்லை. வருமானச் சான்றிதழோ கிராம சேவகர் கடிதமோ தேவையில்லை. பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கும் இதுவே விதி. 1864இல் தொடங்கிய இடம். 3,000க்கு மேற்பட்ட கட்டில்கள். நாடு முழுவதிலுமிருந்து நோயாளரை இங்கே அனுப்புவதால் கூட்டம் குறையாது. முதல் தடுமாற்றம் வாசலில்தான் வரும்.

இருமல், காய்ச்சல், சிறு காயம் என்றால் வெளிநோயாளர் பிரிவு. விபத்தென்றால் விபத்துச் சேவை. அதற்கு வாசல் வேறு, இரவும் பகலும் திறந்திருக்கும். பிள்ளைகளைப் பொரளை லேடி ரிஜ்வேக்குக் கொண்டுபோக வேண்டும். பிரசவத்துக்கு டி சொய்சா அல்லது காசல் வீதி, கண்ணுக்குத் தேசிய கண் வைத்தியசாலை, புற்றுநோய்க்கு மஹரகம அபேக்ஷா. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தவர்கள் சாதாரணக் காய்ச்சலுக்குப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் வர வேண்டியதில்லை, களுபோவிலை ஆஸ்பத்திரி கிட்ட. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கைகால் விழுதல் என்றால் முச்சக்கரவண்டி தேடாமல் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. அது அரச வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோகும், தனியார் ஆஸ்பத்திரிக்கு அல்ல.

நீரிழிவு, பிரஷர், இதயம் போன்ற நீண்டகால நோய்களுக்கு கிளினிக்தான் வழி. அதற்குள் நுழைய வெளிநோயாளர் பிரிவின் துண்டோ, குடும்ப வைத்தியரின் அல்லது சனல் பண்ணிப் பார்த்த நிபுணரின் கடிதமோ வேண்டும். “தயவுசெய்து பார்க்கவும்” என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயன் குறைவு. நோய் என்ன, இப்போது எடுக்கும் மருந்துகள் எத்தனை மில்லிகிராம், கடைசிப் பரிசோதனை எப்போது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் செய்த பரிசோதனையையே திரும்பச் செய்ய வேண்டி வரும்.

முதல் நாள் அடையாள அட்டையோடு போனால் பதிந்து கிளினிக் கொப்பி தருவார்கள். அது உங்களிடமே இருக்கும். தொலைந்தால் பழைய விவரத்தைத் தேடி எடுப்பது பெரும்பாடு. பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஒவ்வொரு தடவையும் புதிய பக்கத்தைப் போனில் படமெடுத்து வையுங்கள். பதிவிலக்கம் உள்ள முதல் பக்கத்தை மறக்கவே கூடாது.

மருந்து பெரும்பாலும் ஒரு மாதத்துக்குத் தருவார்கள். திகதி தவறினால் அதே கிளினிக்கின் அடுத்த நாளில் போங்கள். வெளிநோயாளர் பிரிவில் கேட்டால் சில நாள்களுக்கான குளிசைதான் கிடைக்கும். கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதுவார்கள். அந்தச் செலவு உங்களுடையது. தனியார் பார்மசிக்கு முன் அரச மருந்துக் கடையான ஒசுசலவில் விலை கேட்டுப் பாருங்கள்.

அதிகம் நடக்கும் பிழை இந்த இடத்தில்தான். நீரிழிவுக்கு ஆஸ்பத்திரி தரும் உறையில் மெட்போர்மின் என்று இருக்கும், வெளியே வாங்கிய பெட்டியில் கிளுகோபேஜ் என்று இருக்கும். இரண்டும் ஒரே மருந்து. வெவ்வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்கினால் அளவு இரட்டிப்பாகும். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கிளினிக்கில் காட்டுங்கள்.

வார்ட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, நோயையும் செய்த சிகிச்சையையும் எழுதிய டயக்னோசிஸ் கார்ட் தருவார்கள். வார்ட்டில் உங்களைப் பற்றி எழுதிவரும் கட்டில் டிக்கட் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும், ஆகவே உங்கள் கைக்கு வரும் முக்கியமான சான்று அந்த அட்டைதான். வாசலைத் தாண்டுமுன் பெயரை அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். தமிழ்ப் பெயர்கள் சிங்களம் வழியாக ஆங்கிலத்துக்குப் போகும்போது சிதைவது வழக்கம். அன்றைக்கே என்றால் வார்ட்டிலேயே திருத்தலாம். பிறகு ஆவணப் பகுதிக்கு அலைய வேண்டும், காப்புறுதிப் பணமும் அதுவரை நிற்கும். வேலைத்தல லீவுக்கு மருத்துவச் சான்றிதழ் வேறு, அதையும் அப்போதே கேளுங்கள்.

இதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று போன்ற பெருஞ்செலவுகளுக்கு 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த ஜனாதிபதி நிதியத்திடம் விண்ணப்பிக்கலாம். 2025 முதல் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். வைத்தியர் நிரப்ப வேண்டிய பகுதியும் அதில் இருப்பதால், சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்தவுடனேயே படிவத்தை எடுத்துவிடுங்கள்.

மொழி விஷயத்தில் வெட்கப்பட வேண்டாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். ஆனால் முறைப்பாடு விசாரித்து முடியும்வரை குளிசை காத்திருக்காது. மருந்து உறையில் சிங்களத்தில் எழுதியிருந்தால், கவுண்டரை விட்டு நகருமுன் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் கீறி, எதில் எத்தனை என்று புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதையும் கேட்டு நீங்களே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.