அரசு அலுவலக மாடியில் சோலார்: பேனலைக் கழுவுவது யார்?

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பகல்நேரத் தேவை முழுவதும் கூரைமேல் உள்ள 1.5 மெகாவாட் சோலாரிலிருந்தே கிடைக்கிறது என்று 2021-இல் ரயில்வே அறிவித்தது. அவ்வளவு பெரிய கூரை எல்லா அலுவலகத்துக்கும் வாய்க்காது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். கிடைப்பது நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட்.

அலுவலகமே டெண்டர் விட்டு பேனலை வாங்கலாம். வருகிற யூனிட் எல்லாம் அதற்கே சொந்தம். ஆனால் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்ததும், காக்கை எச்சமும் சாலைத் தூசியும் படிந்த பேனலைத் துடைக்க ஆளிருக்காது.

அதனால் எனக்கு 'ரெஸ்கோ' முறைதான் பிடிக்கும். தனியார் நிறுவனம் தன் பணத்தில் பேனல் வைக்கும். அலுவலகம் மாடியை மட்டும் கொடுத்துவிட்டு, உற்பத்தியாகும் யூனிட்டுக்குக் காசு கொடுக்கும். யூனிட் ஓடினால்தான் அவர்களுக்கு வருமானம், ஆகவே பக்கெட்டோடு மாடியேறுவார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 25 வருஷம் என்பதால், கையெழுத்துக்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: ஐப்பசி மழையில் மாடி ஒழுகி, தளத்தைக் கொத்திப் போட வேண்டி வந்தால் பேனலைக் கழற்றி மாட்டும் செலவு யார் தலையில்?

சரி, மாடியே போதாத பெரிய ஆஸ்பத்திரி? வேறிடத்தில் சோலார், காற்றாலை வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து, மின்வாரியக் கம்பி வழியாக வாங்கலாம். முன்பு 1 மெகாவாட் தேவை இருந்தால்தான் இப்படி வாங்க முடியும். மத்திய அரசின் 2022 பசுமை மின்சார விதிகள் அதை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. விண்ணப்பத்துக்கு 15 நாளில் பதில் வராவிட்டால், தொழில்நுட்ப நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அனுமதி கிடைத்ததாகவே கணக்கு. கம்பி வாடகை போன்ற கட்டணங்கள் தனி. அல்லது சோலார், காற்றாலை மின்சாரத்துக்கான தனிக் கட்டணமான 'பசுமைக் கட்டணத்தில்' மின்வாரியத்திடமே கேட்கலாம். முப்பந்தல் காற்றாலை யூனிட்டும் வடசென்னை அனல் மின்நிலைய யூனிட்டும் ஒரே கம்பியில்தான் வரும். நாம் வாங்குவது, இத்தனை யூனிட் பசுமை மின்சாரம் என்ற கணக்கை.

அப்புறம், கூரை சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்ய கர் மானியம் (அதிகபட்சம் 78,000 ரூபாய்) வீடுகளுக்குத்தான். அரசு அலுவலகத்துக்குக் கிடையாது.

உங்கள் பகுதி அலுவலக மாடியில் பேனல் மின்னுகிறதா? 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு கேளுங்கள்: ஒப்பந்த நகல், மாதவாரியாக உற்பத்தியான யூனிட்.