பூட்டிய வீட்டின் மேல் வந்த ஆசை

பல்லவன் ரயிலில் நான்கு முறை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி என் அண்ணன் மகன் அரை மணி நேரம் பேசினான். காரைக்குடி வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்து, தட்டிலிருந்த கவுனி அரிசி இனிப்பைக் காலி செய்துகொண்டே.

"சரிப்பா, அவளுக்கு எது பிடிக்காது?"

முழித்தான். "அப்படி எதுவும் இருக்காது அத்தை."

அமெரிக்க உளவியலாளர் டோரதி டென்னோவ் நூற்றுக்கணக்கானவர்களின் காதல் அனுபவங்களைக் கேட்டுத் திரட்டி, 1979இல் வந்த தன் நூலில் இந்த நிலையை 'லிமரன்ஸ்' என்று அழைத்தார். அழையாமலே வந்து நிற்கும் நினைவு, அவளும் நம்மை நினைக்க வேண்டுமே என்ற தவிப்பு. அதற்குத் தீனி, பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமும்.

ஏன் சந்தேகம்? குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் செய்த சோதனைகளில் ஒரு துப்பு இருக்கிறது. நிச்சயம் வரும் என்று பழகிவிட்ட சாறு வாயில் விழும்போது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சும்மா இருந்தன. எதிர்பாராமல் கிடைத்தபோது துடித்தன. செய்தி அனுப்பினால் இன்று பதில், நாளை வெறும் நீல டிக்: இவன் போனையே பார்த்துக்கொண்டிருந்ததில் வியப்பில்லை.

1999இல் இத்தாலியின் பீசாவில் டொனாடெல்லா மராஸிட்டி குழு, புதிதாகக் காதலில் விழுந்த 20 பேரின் ரத்தத்தைச் சோதித்தது. செரோடோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளைக் கடத்தும் புரதம், ரத்தத் தட்டணுக்களில் குறைந்திருந்தது. கதவைப் பூட்டினோமா என்று பத்து முறை பார்க்கும் எண்ணச் சுழற்சி நோய் (OCD) உள்ளவர்களிடமும் அதே குறைவு. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து மறுபடி சோதித்தவர்களிடம் அது சரியாகியிருந்தது.

அப்படியானால் படபடப்பு பொய், நிதானம்தான் மெய்யா? அதுவும் இல்லை. சராசரியாக 21 ஆண்டு மணவாழ்க்கை கண்டும் துணை மீது பித்தாக இருந்த 17 பேரின் மூளையை உளவியலாளர்கள் பியாங்கா அசெவெடோவும் ஆர்தர் ஆரனும் படமெடுத்தார்கள். டோபமைன் பகுதி புதுக் காதலர்களுக்குப் போலவே ஒளிர்ந்தது. ஆகவே நெஞ்சு அடிப்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பது என் கட்சி. பார்க்க வேண்டியது, மனதில் இருக்கும் ஆளில் எவ்வளவு பார்த்தது, எவ்வளவு நாமே நிரப்பியது என்பதை.

செட்டிநாட்டுப் பெருவீடுகளைப் பார்க்கக் கானாடுகாத்தானுக்கு வருகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். பூட்டிக் கிடக்கும் வீட்டின் முன்னால் நின்று, பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, "இங்கேயே இருந்துவிடலாம் போல இருக்கு" என்பார்கள். தெரியாத அறைகளை மூளை தன் விருப்பப்படி கட்டிக்கொள்கிறது. ஐப்பசியில் எந்த மூலை ஒழுகும், பங்காளிகளில் யார் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள் என்பதெல்லாம் சாவி வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். தெரிந்தும் அவர் ஆள் வைத்து ஓடு மாற்றுகிறார்.

இதைத்தான் அவனிடம் சொன்னேன். கோபமாகத்தான் கிளம்பினான். மூன்று மாதம் கழித்து போன் வந்தது.

"அத்தை, அவளுக்குக் கவுனி அரிசியே பிடிக்காதாம். வாசனையே ஆகாதாம்."

சிரித்துக்கொண்டே சொன்னான்.